உறையில் பதினாறு கிராம்

நவம்பர் 4, செவ்வாய்

செங்கல்பட்டில் காலையிலிருந்து தூறல். ஏரிப் பக்கம் ஒரே இருட்டு. குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

இன்று உறுதியானது ஒன்று. பச்சை உறை போட்ட தினை பாரில், கடலை மிட்டாய் மாதிரி நீளத் துண்டு, சர்க்கரை இரண்டு கிராமுக்கும் குறைவு. உறையில் அச்சிட்டிருப்பது பதினாறு. ஆதாரம்: சென்னையில் ஒரு தனியார் ஆய்வகத்தின் அறிக்கை, பிரதி கையில். மொத்த மாவுச்சத்தும் உறையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. புரதம் மட்டும் கூடுதல்.

ஆய்வுக்குக் கொடுத்தவர் தங்கராசு. அணுபுரம் குடியிருப்பு, அணுமின் நிலையத்தில் வேலை, சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். பல வருடமாக எனக்கு அவர் வெறும் குரல்தான். நான் வேலை பார்க்கும் பேப்பரில் ஓர் எண் தவறாக வந்தால் போதும், டீ குடிப்பதற்குள் போன் வந்துவிடும். “சார், ஏரிக் கொள்ளளவுல ஒரு சைபர் கூட உழுந்துட்டு.” திட்டமாட்டார். சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இன்றும் அதே குரல், அதே நிதானம்.

“சார், ஒரு நம்பரு தப்பா இருக்கு. உங்க பேப்பர்ல இல்ல.”

அவர் சொன்னது, வரிசையாக:

- மகள் நிவேதா. வயது இருபது. பொத்தேரியில் கல்லூரி, விடுதி. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் வகைச் சர்க்கரை நோய். எனக்கிருப்பது மாத்திரை வகை. அது வேறு. அவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது உடனடி ஆபத்து. இறங்கினால் அந்த நிமிடமே சர்க்கரை உள்ளே போக வேண்டும்.
- தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, தோழிகளோடு மாமல்லபுரம். திரும்பும் நேரம் சர்க்கரை இறங்கியது. பையிலிருந்த பச்சை உறை பாரில் இரண்டைச் சாப்பிட்டாள்.
- செங்கல்பட்டு பஸ்ஸில் தூங்கினாள். எழவில்லை.
- அன்றிலிருந்து அரசு ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்தத்தில் சர்க்கரையைச் சரிசெய்துவிட்டார்கள். கண் திறக்கவில்லை.

பையில் மூன்றாவது பார் பிரிக்காமல் கிடந்தது. அதைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டே.

“ரெண்டு பார்னா முப்பத்திரண்டு கிராம். அது போதும் சார். போதும்னுதான் மூணாவதப் பிரிக்கல. அவ கணக்கு சரி. உறைதான் தப்பு.”

செய்தி டெஸ்க்கில் மூர்த்தியிடம் சொன்னேன். “அரசு ஆய்வகம் சொல்லட்டுமே. தனியார் ரிப்போர்ட் ஒண்ண வெச்சு ஒரு சின்ன யூனிட்ட மூடிடாதீங்க” என்றான். அவன் சொன்னது சரி. அதனால்தான் எரிச்சல்.

ராத்திரிக்கு இட்லி. மாத்திரை போட்டாயிற்று.

நவம்பர் 5, புதன்

பொத்தேரிக்கு மின்சார ரயில். வெயிலும் இல்லை மழையும் இல்லை. புழுக்கம்.

ஹரிணி. நிவேதாவின் அறைத் தோழி, அன்று கூடப் போனவள். கல்லூரி எதிரே டீக்கடை பெஞ்சில் பேசினாள். டீயைத் தொடவில்லை.

“கையெல்லாம் நடுங்குச்சு அங்கிள். நாங்க கலாய்ச்சோம். ‘இன்னாடி, கடலப் பாத்து பயந்துட்டியா’ன்னு. அவளும் சிரிச்சா.”

குளுக்கோஸ்?

“டப்பா எப்பவும் வெச்சிருப்பா. ஒரு அலை வந்து பையத் தூக்கிடுச்சு. பொடி மொத்தம் கரைஞ்சு ஒழுகிடுச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ற மிஷினும் போச்சு. பார் மட்டும் நல்லா இருந்தது. உறைக்குள்ள தண்ணி போவல.”

அப்புறம் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறேன், ஒரு சொல்லும் மாறக் கூடாது:

“கரும்பு ஜூஸ் வண்டி பக்கத்துலயே நின்னுச்சு அங்கிள். வாங்கித் தரவான்னு கேட்டேன். ‘வேணாம்டி, ரெண்டு பார் தின்னிருக்கேன். இதுக்கு மேல குடிச்சா எகிறிடும்’னு சொன்னா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம். வேர்த்திருக்கிறது. தலையைச் சாய்த்துக்கொண்டாள். சாப்பிட்டவள்தானே, களைப்பு, தூங்கட்டும் என்று விட்டார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒருமுறை கூப்பிட்டதற்கு ‘ம்’ என்றாளாம். அல்லது சொன்ன மாதிரி இருந்ததாம். செங்கல்பட்டில் மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர்தான், “இன்னாமா, எழுப்புங்க. வண்டி ஷெட்டுக்குப் போவுது” என்றார்.

“ஏசிகூட இல்ல அங்கிள். காத்து அடிக்குதேன்னு ஷால் போத்துனேன். நான்தான் போத்துனேன்.”

இதை மூன்று தடவை சொன்னாள். டீக்குக் காசு கொடுத்தேன்.

பக்கத்துக் கடையில் அதே பார். கம்பியில் சரமாகத் தொங்குகிறது. பச்சை உறை, வெள்ளை உறை, இரண்டும்.

“எது நல்லா போவுது?”

“ஜிம் பசங்க வெள்ளைதான் கேப்பாங்க அண்ணாத்த. அதுல சுகர் இல்லன்னு போட்டுக்கீது. பச்ச சில்றையா போவும். ஆனா இப்போ ரெண்டும் ஒரே டேஸ்டு. சட்டதான் வேற.”

இரண்டும் வாங்கினேன். ரயிலில் இரண்டையும் கடித்துப் பார்த்தேன். நல்ல இனிப்பு. விழுங்கிய பிறகு நாக்கில் ஒரு குளிர்ச்சி, இரண்டிலும். வெல்லத்துக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது.

எதிர் சீட்டுப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் பாரோடு ஒரு கிழவன்.

நவம்பர் 6, வியாழன்

திருப்போரூர். சஷ்டிக் கூட்டம் வடிந்து தெரு வெறிச்சென்றிருக்கிறது. மனை விற்பனைக் கொடிகள் நனைந்து கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. செருப்பில் சேறு.

பச்சை உறையிலிருந்த முகவரி ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெண்கள் மட்டும். பெரிய வாணலி, கலவையை அழுத்தித் தட்டையாக்கும் உருளை, வெட்டும் தட்டு, உறை ஒட்டும் மெஷின். கடலை வறுபடும் வாசனை. சுத்தமான இடம். இதைச் செய்தியில் கட்டாயம் எழுத வேண்டும்.

நடத்துபவர் தேவகி. நாற்பத்தைந்து இருக்கலாம். அவர் அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இன்று அந்தக் கழனி மனையாகிவிட்டது. ஓரத்தில் இவர் கொட்டகை.

“பேப்பர்காரா? மிஷினு மேல கை வெக்காத சார், சுட்டுடும்.”

மெஷினில் இருந்த பெண், பெயர் குமாரி, எட்டிப் பார்த்தாள். “அக்கா, போட்டோ புடிப்பாங்களா? இரு, மூஞ்சி கழுவிக்கினு வரேன்.”

“ஏய், உன் மூஞ்சியப் போட்டா பேப்பர எவன்டி வாங்குவான்? ஒட்டுற வேலையப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு பாரையும் மேசைமேல் வைத்தேன். உள்ளே இருப்பது ஒன்றா, வேறா?

“ஒண்ணுதான் சார். ஆடி மாசத்துலேர்ந்து ஒண்ணுதான்.”

தயக்கமே இல்லை. குரலில் பெருமை இருந்தது. ஒளிக்கிறவர் அப்படிச் சொல்லமாட்டார்.

முதலில் பச்சைதான். வெல்லப் பாகு, தினைப் பொரி, எள். பொத்தேரி ஜிம்களில் சர்க்கரை இல்லாததாகக் கேட்டார்கள். வெல்லத்தையும் பொரியையும் எடுத்துவிட்டுக் கடலையும் சோயாவும். இனிப்புக்கு வேறொரு பொடி. நாக்கில் இனிக்கும், ரத்தத்தில் ஏறாது. அதற்கு வெள்ளை உறை அடித்தார்கள். இரண்டு பதம், இரண்டு வாணலி, கட்டுப்படியாகவில்லை. ஆடியில் பழைய பதத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பச்சை உறைச் சுருள் மிச்சம். உறை அடிக்கிறவர்கள் கொஞ்சமாக அடித்துத் தரமாட்டார்கள். ஒரு மலை இறக்கி வைத்திருந்தார்கள்.

“உறை அம்மாம் கீது. தூக்கிப் போட மனசு வர்ல. தீர்ற வரைக்கும் ஓட்டலாம்னு ஓட்டிக்கினு கீறோம்.”

“பச்சையில் சர்க்கரை பதினாறு கிராம் என்று போட்டிருக்கிறதே?”

“ஆமா. அதுக்குக் கொறச்சித்தான சார் போட்டோம்? எழுதுனதுக்கு மேல போட்டா தப்பு. இது கொசுறு மாரி. எங்க வூட்டுக்காரருக்கு சக்கரையில ரெண்டு வெரலு எடுத்துட்டாங்க. இந்தத் தெருவுல எந்த வூட்ல சார் சக்கரை இல்ல? வாங்கறவங்களுக்குத் தெரியாமலே கொறச்சுக் குடுத்தா புண்ணியம்னுதான் நென்ச்சேன்.”

சொன்னேன். அலை, கரும்பு ஜூஸ் வண்டி, பஸ், ஷால். எதையும் விடவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலி உறைகளை ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தது, யாரும் பார் வைக்கவில்லை.

“சக்கரை கொறஞ்சாலுமா?”

“அந்த வகை நோய்க்கு, ஆமாம்.”

“கொறஞ்சாலுமா சார் சாவாங்க?”

“சாகவில்லை. இருக்கிறாள்.”

குமாரி சுவிட்சை அணைத்தாள். அதன்பிறகு தகரத்தில் மழைச் சத்தம்.

தேவகி சொன்னது: “எழுதாதன்னு சொல்லமாட்டேன். எழுது சார். ஆனா மொதல்ல சரக்க எடுத்துர்றேன். எங்கெங்க போட்டன்னு எனக்குத் தெரியும்.” விரல் விட்டுச் சொன்னார். திருப்போரூரில் பஸ் நிலையக் கடைகள், கேளம்பாக்கம், பொத்தேரி, அணுபுரம் வாசல், செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடை.

கடைசி இடம். இன்சுலின் வாங்க வருகிறவர்கள் நிற்கும் கவுன்டர் அது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் யாரோ தூங்கிக்கொண்டு வந்தார்கள். இறங்கும் வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

கனமழை. பள்ளிகளுக்கு விடுமுறை. பல்வலி ஆரம்பம்.

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர், பெண், பெயர் போட வேண்டாம் என்றார். சொன்னது: மதியம் ஊசி போட்டிருக்கிறாள், சாப்பிட்டது கொஞ்சம், மணலில் நடந்தது நிறைய. அதனால் இறங்கியிருக்கிறது. “இதுக்குப் பார் சரியான மருந்தே இல்ல. குளுக்கோஸ், இல்லன்னா சாதாரண சர்க்கரை, ஜூஸ். அதையும் எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்.” உறையில் போட்டது உள்ளே இருந்திருந்தால்? “தப்பிச்சிருப்பான்னு எழுதாதீங்க. வாய்ப்பு இருந்ததுன்னு எழுதுங்க.” மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருந்த நேரம்தான் கேள்வி. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கொட்டகையில் இன்று மாதிரி எடுத்துவிட்டார். உறுதி செய்தேன். தேவகியே ஒப்புக்கொண்டதால் மூர்த்தியும் சரி என்றான். செய்தி நாளைக்கு வரும்.

மருந்துக் கடையில் கேட்டேன். காலையிலேயே தேவகி வந்து பச்சையெல்லாம் எடுத்துப் போய்விட்டாராம். கடைக்காரருக்குக் குழப்பம். “சர்க்கரை கம்மின்னா நல்லதுதானே சார்? ஏன் எடுத்துனு போறாங்க? கேட்டா அந்தம்மா அழுவுது.”

வராந்தாவில் தங்கராசு. குரலுக்கு இப்போதுதான் முகம் கிடைத்தது. ஒல்லி, கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. செய்தியைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“‘ரெண்டு கிராம்’னு போடாதீங்க சார். ‘ரெண்டு கிராமுக்கும் குறைவு’. ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு.”

திருத்தினேன்.

“அவளுக்கு உறை படிக்க நான்தான் சொல்லிக் குடுத்தேன். படிக்காம எதையும் வாயில வைக்க மாட்டா. இந்தப் பாரும் நான் பாத்து எடுத்ததுதான். மத்ததுல எல்லாம் எழுத்து பொடிசா, மங்கலா இருக்கும். இதுல நல்லா தெளிவா அச்சடிச்சிருந்தாவ.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

யூனிட்காரர்கள்மேல் கோபமா என்று கேட்டேன். தொழில் கேட்க வைக்கிறது.

“யோசிக்கல சார். எனக்கு இப்பம் அவ்வளவுக்கு இடம் இல்ல.”

நவம்பர் 8, சனி

வானம் மூடியே இருக்கிறது. துணி காயவில்லை.

செய்தி வந்துவிட்டது. ஏழாம் பக்கம், மனை விளம்பரத்துக்குக் கீழே. டெஸ்க் வைத்த தலைப்பு: ‘உறையில் 16 கிராம், உள்ளே 2கூட இல்லை: மாணவி கவலைக்கிடம்’. டாக்டர் சொன்ன குளுக்கோஸ் பத்தியை இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். எதை வெட்டினார்கள் பார்.

அலுவலகத்துக்குக் காலையிலிருந்து போன்.

“சார், அந்த பார் எங்க கிடைக்கும்?”

முதலில் புரியவில்லை. “எதுக்குங்க?”

“எங்க அம்மாவுக்கு சுகர். நெஜமாவே ரெண்டு கிராம்கூட இல்லையா?”

விளக்கினேன். ஒரு பெண் மயக்கத்தில் கிடக்கிறாள் என்றேன்.

“ஐயோ பாவம். அது ஊசி போடறவங்களுக்கு சார். எங்களுக்கு நல்லதுதானே?”

இப்படியே அடுத்தது, அதற்கடுத்தது. கோவளத்திலிருந்து ஒருவர் பெட்டியாக எடுத்தால் குறைத்துத் தருவார்களா என்றார். முப்பது வருடத்துக்கு மேலாக எழுதுகிறேன். ஓர் எச்சரிக்கை விளம்பரமாகிப் பார்த்தது இதுதான் முதல்.

மதியம் தேவகி போன். சத்தமில்லாத குரல். எல்லாக் கடையும் திருப்பிக் கொடுத்துவிட்டது, பொத்தேரிக்காரரைத் தவிர. “‘பச்சைக்கு இப்பத்தான் கிராக்கி, போ’ன்றான் சார். நான் செஞ்ச சரக்கு, எனக்கே தர மாட்டேன்றான்.”

ஹரிணிக்கு லிங்க் அனுப்பினேன். பார்த்துவிட்டாள்.

சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. நிவேதாவின் வயது இருபத்திரண்டு என்று அச்சாகியிருக்கிறது. நான் கொடுத்தது இருபது. எங்கோ மாறிவிட்டது.

தங்கராசு படித்திருப்பார். போன் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. தெருவெல்லாம் தண்ணீர்.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே தேவகி, பக்கத்தில் குமாரி. எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. இருவர் சேலையிலும் முழங்கால் வரை ஈரம்.

“நீ கூட வா சார். நான் மட்டும் போனா யாருன்னு சொல்ல வாய் வராது.”

மேலே, வராந்தா பெஞ்சில் தங்கராசும் மனைவி சண்முகத்தாயும். அந்த அம்மாவிடம் நான் இதுவரை பேசியதில்லை. மடியில் ஒரு துணிப்பை, அதில் சீப்பு, துண்டு, மகளின் செருப்பு.

தேவகியே சொல்லிவிட்டார். “அந்தப் பாரு நாங்க செஞ்சதும்மா.”

தங்கராசு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பவில்லை.

சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தார். நான் பயந்தது நடக்கவில்லை.

“நீங்கதான் செய்யுதியளா?”

“ஆமாம்மா.”

“இனிப்பா இருக்குமா?”

“இன்னாம்மா?”

“அவ தின்னாளே, அது. இனிப்பா இருந்திருக்குமா?”

“இருக்கும்மா. வெல்லத்தவுட இனிப்பா இருக்கும்.”

“ம். அதான். வாய் இனிச்சிருக்கும். இனி ஏறிரும்னு நெனச்சுத்தான் கண்ண மூடியிருக்கா.”

மடியிலிருந்த பையை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டார். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் வந்தது. தேவகி உட்காரவில்லை. போகவும் இல்லை. சுவரோரம் தரையில் குந்திவிட்டார். குமாரி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் ஜன்னலுக்குப் போனேன். வயது தப்பாக வந்ததைச் சொல்லி, நாளைக்குத் திருத்தம் போடுகிறோம் என்றேன்.

“பாத்தேன் சார்.”

அவ்வளவுதான்.

நிலுவை:

- அரசு ஆய்வக முடிவு. விதிப்படி பதினான்கு நாள். 21, வெள்ளி.
- குளுக்கோஸ் பத்தி. மூர்த்தியிடம் நாளையே, தனிப் பெட்டியாக.
- பொத்தேரிக் கடை. நாளை தேவகியோடு நானும்.
- வயதுத் திருத்தம். நாளைய பேப்பர்.
- நிவேதா. தலைக்கு இரண்டாவது ஸ்கேன், புதன். அதைப் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

கிளம்பும்போது தங்கராசு படி வரை வந்தார்.

“புதன்னா, காலையிலயா சார், மதியத்துக்கு மேலயா?”

தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.